முன்னுரைக்குள் வந்த மலை

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தேனியில். கடைசி ஆண்டில், இந்தியா ஒரு நாடாக உருவானது பற்றிக் கட்டுரை கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. பிள்ளைகளுக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டு மிச்ச நேரத்தில் படித்த படிப்பு அது. ஒரு கட்டுரைக்காக அதை விடுவதாக இல்லை.

எழுதுவதற்கு முன் திட்டம் போடச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த திட்டம் ஏலக்காயைத் தரம் பிரிப்பதுதான். முதலில் சலித்துப் பெரிய காயை எடுக்க வேண்டும், பிறகு நிறம் பார்க்க வேண்டும், வெடித்ததை ஒதுக்க வேண்டும். அதே மாதிரி செய்திகளைத் துண்டுத் தாள்களில் எழுதித் தரையில் பரப்பினேன். போராட்டம் ஒரு குவியல், பிரிவினை ஒரு குவியல், சமஸ்தானங்கள் ஒரு குவியல். முன்னுரையில் எங்கள் பக்கமும் வரட்டுமே என்று, வெள்ளையர் ஆண்ட மதராஸ் மாகாணத்து ஏலமலையில் நம் பெண்கள் காய் எடுத்ததைப் பெருமையாக எழுதி ஆரம்பித்தேன்.

ஆசிரியர் முதல் வரியிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"ஏம்மா, அந்த மலை எப்ப மதராஸ்ல இருந்துச்சு? அது திருவிதாங்கூர் சமஸ்தானம்ல? முன்னுரையப் பொதுவா எழுதிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. அதான் கடைசி."

முகம் சுண்டிப்போனது. கம்பத்தில் யாரைக் கேட்டாலும் இந்தத் தப்பைத்தான் செய்வார்கள். கேரளாவுக்குப் போகிறோம் என்று நாங்கள் சொல்வதே கிடையாது. மலைக்குப் போகிறோம், அவ்வளவுதான். மாநில எல்லையான கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் ஜீப் நிற்கும்போதுகூட எங்கள் பேச்சு நிற்காது.

மறுநாள் ஜீப்பில், பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டாளியிடம் புலம்பினேன். அந்த மலை அப்போது ஒரு ராஜாவின் கையில் இருந்ததையும், தனி நாடாகவே இருப்போம் என்று அந்தச் சமஸ்தானம் முறுக்கிக்கொண்டு நின்று கடைசி நேரத்தில் சேர்ந்ததையும் சொன்னேன். அவள் தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இங்கன இருந்து மலைக்கு வேலைக்குப் போனவுக எந்த நாட்டுக்குத்தான் ஆத்தா போனாக?"

என் கட்டுரை எங்கே தொடங்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே குவியல்களைக் கலைத்தேன். சமஸ்தானங்களை முன்னால் வைத்தேன். அவள் கேள்வியை முதல் வரியாக எழுதி, ஒரு நாடு ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை என்பதை அதிலிருந்து பிடித்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் முதல் வரியைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"பொதுவா எழுதச் சொன்னேன்ல? இந்த வரிய எடுத்துருங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"எடுக்க மாட்டேன் சார். அடுத்த வருசம்தான் பரீட்சைன்னாலும் சரி."

ஒரு வருடம் என்பது எனக்குச் சும்மா கிடைப்பதல்ல. அவர் படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் புரண்டது, அடுத்ததும் புரண்டது. கடைசி வரை படித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார். தாளை உடனே கொடுக்கவில்லை.

"எனக்குச் சொந்த ஊரு தேவாரம், மலைக்கு இந்தப் பக்கந்தான்," என்றார். "எங்கப்பா பொறந்தது மலையில, தோட்டத்து லய வீட்டுல. நாடு பொறக்குறதுக்கு முன்னாடி. அவுக எந்த நாட்டுல பொறந்தாகன்னு இத்தன வருசம் வரலாறு நடத்தியும் நான் யோசிச்சதே இல்லம்மா."