பெட்டிக்குக் கொடுத்த நிழல்

தொண்ணூறுகளில் ஒருநாள் திசையன்விளைக்குப் பெண் பார்க்கப் போனேன். முகத்துப் பவுடர் கரையக்கூடாது என்று திருநெல்வேலியிலேயே பஸ்ஸில் வெயில் படாத சன்னலோரத்தைப் பிடித்திருந்தேன்.

பாதி வழியில் அவர் ஏறினார். ஒல்லியான ஆள். மார்போடு ஒரு நீலப் பெட்டியை அணைத்து, அதன்மேல் ஈரத்துண்டைப் போர்த்தியிருந்தார். நிழல் பக்கம் மற்ற இருக்கைகளில் எல்லாம் பெண்கள். நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிக்கேளா? எனக்கில்ல, பெட்டிக்கு.”

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஊருக்குள் கொண்டுபோகும் போலியோ சொட்டு மருந்தாம். சூடு ஏறினால் புள்ளைகளுக்கு வெறும் தண்ணியைக் கொடுத்த மாதிரிதானாம். வள்ளல் மாதிரி எழுந்து வெயில் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஒரு திருப்பத்தில் பஸ் திரும்பியதும் நிழல் என் பக்கம் வந்தது. கூடவே அவரும் பெட்டியோடு வந்து நின்றார்.

“இனி நீங்க அங்கன போயிருங்க.”

அந்தப் பாதையில் எத்தனை திருப்பம் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சட்டை நனைந்து, பவுடர் வழிந்து, கடைசியில் கெஞ்சினேன்.

“தல சுத்துது. உள்ள இருக்க ஐஸுல ஒரு துண்டாவது தாங்களேன்.”

அவர் மூடியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அது புள்ளையளுக்கு உள்ளது. நீங்கதான் வளந்தாச்சுல்லா!”

பெண் வீட்டில், மாப்பிள்ளை பஸ்ஸில் வந்தாரா, பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தாரா என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் இப்போது நினைவில்லை. ஆனால் இன்றும் பஸ்ஸில் நிழல் கிடைத்தால், யாராவது பெட்டியோடு ஏறுகிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருகிறேன்.