காவாக் கிண்ணமும் தம்பியின் கையும்

அது 1976-இன் குளிர்காலம். வளைகுடாவில், அல் ஐனில் எங்கள் துணிக்கடைக்கு ஸ்பான்சராக இருந்த அரபு முதலாளியை அர்பாப் என்போம். அவர் ஒரு மாலை கடைக்குள் வந்து அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்:

"உன் தம்பி தனியாப் பேசுறானாமே? பக்கத்துக் கடைக்காரன் சொல்றான். நாளைக்குக் காலையில என் மஜ்லிஸுக்குக் கூட்டிட்டு வா. எனக்குச் சரிப்படலேன்னா கலாஸ், அவ்வளவுதான், விசா கிடையாது. ஊருக்கு அனுப்பிடு."

தம்பி சாகுலுக்கு மனச்சிதைவு நோய். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு ஊரில் அவனைப் பார்க்க ஆளில்லை. அதனால்தான் என்னோடு வைத்திருந்தேன். சென்னை டாக்டர் கொடுத்த மாத்திரையால் அவன் காதில் கேட்ட குரல்கள் பெரும்பாலும் அடங்கின. ஆனால் கை நடுங்கியது. சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற பயமும் போகவில்லை. அவன் தட்டிலிருந்து முதல் பிடியை நான் தின்று காட்டினால்தான் சோற்றில் கை வைப்பான். நான் பெருத்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் வழி நெடுகப் பாடம் நடத்தினேன்.

"ஸலாம் சொல்லு. கேட்டா மட்டும் பேசு."

"காவா குடுத்தா, காக்கா?" அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"வாங்கிக் கையில வச்சுக்க, போதும்."

எப்படியும் குடிக்க மாட்டான் என்று நினைத்தேன்.

அர்பாப் வீட்டு விருந்தினர் கூடம்தான் மஜ்லிஸ். அங்கே ஒரு பலூச்சி முதியவர் சிறு கிண்ணங்களில் காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக்கொண்டு வந்தார். சாகுல் ஏலக்காய் மணத்தை முகர்ந்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டான். நான் முதல் வாய் குடித்துக் காட்டாமலே!

முதியவர் மறுபடி வந்தார். சாகுலின் கையில் கிண்ணம் ஆடுவதைப் பார்த்ததும் அதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அந்த வீடுகளில் கிண்ணத்தை ஆட்டினால், 'போதும்' என்று பொருள்.

"காக்கா, எல்லாருக்கும் ஊத்துறாரு. எனக்கு மட்டும் ஏன் இல்ல?" சத்தமாகவே கேட்டான்.

"என்ன சொல்றான்?" என்றார் அர்பாப்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அன்னியர் கையால் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறானே! அந்தச் சந்தோஷத்தில் நோய், மாத்திரை, நடுக்கம், முதல் பிடி என எல்லாவற்றையும் என் அரைகுறை இந்தியில் கொட்டிவிட்டேன். "இன்னும் வேணுமாம், அர்பாப்" என்று முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தேன்; கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அர்பாப் சாகுலையே பார்த்தார். பிறகு முதியவரிடம் திரும்பினார்.

"இவன் கையைப் பாக்காதே. போதும்னு வாயால சொல்றவரைக்கும் ஊத்து."

என்னிடம் சொன்னார்: "இவன் கை ஆடுது, கத்தரிக்கோல் குடுக்காதே, துணி மடிக்கட்டும். தனியாப் பேசினா என்ன? நீ கேக்க ஆளில்லாட்டியும் பேசுறவன்தானே! விசா பேப்பரைக் கொண்டு வா."

மஜ்லிஸே சிரித்தது. சாகுலும் சிரித்தான், கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

அன்று பகல் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல அவன் தட்டை நோக்கிக் கையை நீட்டினேன்.

"ஏன் காக்கா, உங்க தட்டுல சோறு இல்லையா?" என்றான்.

அன்றுமுதல் அவனைக் கேட்காமல் நான் கை நீட்டுவதில்லை.