கறை தெரியாத துணி

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லோரும் குஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். சோபா, நாற்காலி, கிளினிக் பெஞ்சு என்று எதற்கு மெத்தை வைத்துத் துணி மாற்ற வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள். ஆனால் தொழிலுக்காக மட்டும் வைத்த பெயர் அது என்று நான் நம்பவில்லை. யார் ஏறி உட்கார்ந்தாலும் அமுங்கிக் கொடுக்கிற மனுஷன். ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து தருகிறவர், தான் சாப்பிடுவது மட்டும் சமையலறைத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. எங்கள் வீட்டில் மேஜை இல்லாமல் இல்லை. கேட்டால், "பழகிப்போச்சு, விடு" என்பார்.

எப்படிப் பழகியது என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர, அக்கா வீட்டில் வளர்ந்தவர் இவர். அக்காவின் மாமனார் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட தேக்கு டைனிங் டேபிளும் ஆறு நாற்காலிகளும் அங்கே உண்டு. கீழே போகப் போக ஒல்லியாகிற கால்கள், முதுகுக்கு வளைத்துக் கொடுத்த பலகை, வெண்ணெய் நிறத் துணி. ஒரு நாள் இவர் கை பட்டு டம்ளர் சாய்ந்து, பால் கொட்டி, நாற்காலி கறையாகிவிட்டதாம். "இனிமே நீ கீழ உட்கார்ந்தே சாப்பிடு" என்று அக்கா சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த வீட்டை விட்டு வருகிற வரைக்கும் இவர் மறுபடி மேஜைக்குப் போகவே இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

அந்த அக்காதான், அதாவது என் நாத்தனார், திடீரென்று போன் பண்ணினார். மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, பெண்ணின் அப்பா அம்மா சாப்பிட வருகிறார்கள், நாற்காலியெல்லாம் கிழிந்து தொங்குகிறது.

"நீதான்டா தம்பி சரி பண்ணித் தரணும். அன்னிக்கு நீயும் எங்களோட உட்கார்ந்து சாப்பிடணும். அவங்க ரெண்டு பேர், நாங்க மூணு பேர், நீ. ஆறு சேருக்கும் சரியா இருக்கும்."

போனை வைத்தபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலை நரைத்த ஆள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நிற்கிறார்.

"அக்கா என்னை டேபிள்ல உட்காரச் சொல்லுது."

"சேர் கிழிஞ்சாத்தான் தம்பி ஞாபகம் வருது போல," என்றேன்.

"நீ ஒண்ணு. சும்மா இரேன்," என்றார். சிரிப்பு மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை. மற்ற வேலைகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு அந்த நாற்காலிகளை எடுத்து வந்தார்.

துணி எடுக்க நானும் போனேன். விளிம்பு தைப்பதெல்லாம் என் மிஷினில்தான். நாத்தனார் பளபளக்கிற சிவப்பு வெல்வெட் கேட்டிருந்தார். "இந்தக் காலுக்கு வெல்வெட்டா? நோஞ்சான் ஆளுக்குக் கம்பளிக் கோட்டு போட்ட மாதிரி இருக்கும்," என்று இவர் தள்ளிவிட்டார். பெரிய பூப் போட்டது வேண்டாம், சின்ன மெத்தையில் பாதிப் பூதான் விழும். கோடு வேண்டாம், ஒரு நாற்காலியில் நூலளவு சாய்ந்தாலும் ஆறையும் சேர்த்து வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் கடுகு நிறமும் பழுப்பும் கலந்த முரட்டு நெசவு ஒன்று பிடித்துப்போனது. தேக்குக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்கே தெரிந்தது. நகத்தால் சுரண்டினார், குறுக்காக இழுத்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். எல்லாம் வழக்கமாகச் செய்வதுதான். அப்புறம் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மாதிரித் துண்டின் மேல் காபியை ஊற்றினார்.

கடைக்காரர் பதறிவிட்டார். "என்ன சார் பண்றீங்க? கடைத் துணி சார் அது!"

"துண்டுக்கு நான் காசு தர்றேன்," என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கறை இருந்த இடம் தெரியவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "யார் சிந்தினாலும் தெரியக் கூடாதும்மா."

பட்டறையில் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த நாற்காலிகளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை துணி மாற்றியிருக்கிறார்கள். செய்தவர்கள் சோம்பேறிகள், பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து அடித்திருந்தார்கள். மேலே ரெக்சின், அதற்கடியில் பூத்துணி, அடியோடு அடியாக அந்த வெண்ணெய் நிறம். இவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்காலில் ஒரு மரக்கண் உண்டாம். அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். பூத்துணியை உரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கறை இல்ல."

மெத்தைப் பலகை மாறிப் போயிருக்கும் என்று மற்ற ஐந்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். பழுத்துப் போயிருந்ததே தவிர எதிலும் கறை இல்லை. "துவைச்சு மாட்டியிருப்பாங்க," என்றேன். அவர் பலகையைத் திருப்பிக் காட்டினார். துணியை ஒரு தடவை கழற்றி மாட்டினால் பழைய ஆணித் துளை தனியாக, புதிய துளை தனியாக மரத்தில் இருக்கும். இங்கே அந்தத் துணிக்கு ஒரே வரிசைதான். முதன்முதலில் அடித்த ஆணி அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. உள்ளே இருந்த பஞ்சிலும் ஒன்றுமில்லை. பால் அந்த நாற்காலியைத் தொடவே இல்லை.

அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. நாடாவை இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்சைச் செதுக்கி, மூலை மடிப்பு ஆறிலும் ஒன்று போல வருகிற மாதிரி அடித்தார். அவ்வளவு அழகான வேலையை அவர் கையால் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எரிச்சலாகவும் இருந்தது.

நாற்காலிகளைக் கொண்டுபோய் மேஜையைச் சுற்றிப் போட்டதும் நாத்தனார் வாயெல்லாம் பல். இவர் துணியைத் தடவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அக்கா, நான் பால் கொட்டினேனே, அந்தக் கறையைக் காணோமே?"

"எந்தப் பாலு?" கொஞ்சம் யோசித்துவிட்டு நாத்தனார் சிரித்தார். "அட, அதை இன்னுமா வச்சுக்கிட்டிருக்க? பால் தரையிலதான்டா கொட்டுச்சு. அப்ப உங்க மாமாவோட தங்கச்சி வந்து தங்கிட்டா. இருக்கிறது ஆறு சேர். ஏதாவது சொல்லி உன்னை எறக்கணும்ல? நீயும் சொன்னதும் கேட்டுக்கிட்ட. அப்பவே தங்கமான புள்ள."

வாழ்நாள் முழுக்க ஒரு ஆளைத் தரையில் உட்கார வைத்த விஷயம், அந்த அம்மாளுக்கு வீட்டு நிர்வாகம். இவர் கடைசி நாற்காலியையும் மேஜைக்கு நேராகத் தள்ளி வைத்தார்.

விருந்தன்று காலையிலேயே போய்விட்டோம். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். நாத்தனார் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "பொண்ணோட மாமாவும் வர்றாராம்மா. தம்பி தப்பா நினைக்க மாட்டான்ல?"

"ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா ஆச்சு அண்ணி."

"அய்யோ, ஆறும் ஒரே மாதிரி எவ்வளவு அழகா இருக்கு. நடுவுல ஸ்டூலைப் போட்டா செட்டே கெட்டுடும்மா."

வாசற்படியில் நின்ற இவர் காதில் அது விழுந்துவிட்டது. "வாங்க, போகலாம்," என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் ஜக்கை எடுத்தார். "நான் பரிமாறுறேன்க்கா. நம்ம வீட்டு விசேஷம்தானே."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலியைத் தடவிப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார் பெண்ணின் மாமா. "பழசுதான், ஆளு வச்சுச் செஞ்சோம்," என்றார் நாத்தனார். அந்த ஆள் அவர் பின்னாலேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் என்று நான் மதிக்கிற நாத்தனார் கணவரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்து காபி வந்தது. பெண்ணின் மாமா பேச்சு சுவாரசியத்தில் கையை வீசினார். காபி அப்படியே மெத்தையில் கொட்டியது. அவர் பதறி எழுந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க," என்றார் நாத்தனார். "சிந்துறது சகஜம்தானே. இதுக்குப் போய் யாராவது எழுந்திருப்பாங்களா?"

இவர் அதற்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கைக்குட்டையை மடித்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு தலையை உயர்த்தாமலேயே சொன்னார்:

"ஒண்ணும் தெரியாது சார். நீங்க உட்காருங்க."