அருவிக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற நாங்கள் வருசத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துக் குற்றாலம் போவோம். கோவில்பட்டி வெயிலுக்கு அதுதான் மருந்து. போன முறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், சுற்றுவழியானாலும் திருநெல்வேலியில் அறிவியல் கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

எங்கள் பேக்கிங் பகுதியில் மூத்த அக்கா வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லையென்றால் இனிமேல் நான் எதற்கும் வாய் திறக்கக் கூடாது என்று வேனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

உள்ளே போனதும் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். விளக்கம் சொல்லும் பெண் எங்களை உட்காரவைத்து, மேசையில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, தீக்குச்சியை உரசினாள். அவ்வளவுதான், அக்கா பாய்ந்துபோய் பாட்டில் தண்ணீரை அதன்மேல் கொட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குச்சியும் மருந்தும் குவிந்து கிடக்கிற எங்கள் ஆபீசுக்குள் யாராவது குச்சி உரசினால் யோசித்துக்கொண்டு நிற்க முடியுமா? மணல் வாளியைத் தேடி நானே பாதி எழுந்துவிட்டேன்.

மானம் போயிற்று என்று நினைத்தேன். நனைந்த சுடிதாரோடு அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீரும் மணலும் இல்லாமல் அணைத்துக் காட்டவா என்று கேட்டாள். வேறொரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, டம்ளரில் ஆப்பசோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினாள். நுரை அடங்கியதும் மெழுகுவர்த்திப் பக்கம் டம்ளரைச் சாய்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை, சுடர் அணைந்தது. உள்ளே உண்டான வாயு காற்றைவிடக் கனமாம், அதுதான் வழிந்து இறங்கித் தீயை மூடுகிறதாம். பள்ளிக்கூடத்தில் இதையே மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். காற்றைத் தண்ணீர் மாதிரி ஊற்றலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அப்படி ஒரு சந்தோஷம்.

கொட்டாவி விட்டவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். அக்கா டம்ளரை வாங்கினாள், தீப்பெட்டியையும் வாங்கினாள். பற்றவைத்தாள், சாய்த்தாள், அணைந்தது. அடுத்தவளுக்குக் கொடுக்காமல் மறுபடியும் பற்றவைத்தாள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அருவிக்கு நேரமாகிறது என்று நானே பயந்து பயந்து சொன்னேன்.

அக்கா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏட்டி, அருவி அங்கனதான் கெடக்கும். நீ இன்னுங் கொஞ்சம் ஆப்பசோடா கேளு."