கேங் என்று சொல்லமாட்டேன்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஓசூருக்கு ஆசிரியையாக வந்த புதிதில் பால்காரம்மாவிடம், "நாளைக்கு வெள்ளன வாங்க" என்றேன். அவள் முகம் கோணிப்போயிற்று. "எங்க பாலு எப்பவும் வெள்ளையாத்தாம்மா இருக்கும். தண்ணி ஊத்தற பழக்கமே இல்ல" என்றாள். எங்கள் பக்கம் வெள்ளன என்றால் விடியற்காலை. என் தமிழே இங்கே செல்லவில்லை. தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் மாட்டை விரட்டி, தமிழில் நலம் விசாரிக்கும் ஊர் இது. மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும்போது ஓசூர் யாருக்கு என்று கடைத்தெருவில் தினமும் வாக்குவாதம். எனக்கோ ஊருக்கு மாற்றல் கிடைத்தால் போதும். மிஷன் பள்ளியின் கரஸ்பாண்டென்டிடம் விண்ணப்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கில இலக்கணத்தில் பெயர்ச்சொல் நடத்தினேன். ரத்னா ப்ராப்பர் நவுன்; பெண் காமன் நவுன்; ஒரு கூட்டத்தையே குறிப்பது கலெக்டிவ் நவுன். அதிகாரிகள் கூடினால் போர்டு என்றது புத்தகம். கூலியாட்கள் கூடினால் கேங். திருடர்கள் கூடினாலும் கேங்தான். வகுப்பே முன்பெஞ்சில் இருந்த ரத்னாவைப் பார்த்துச் சிரித்தது. அவள் அம்மா முனியம்மா, கிருஷ்ணகிரி சாலையில் ஜல்லி உடைப்பவள்.

மறுநாள் காலை முனியம்மா பள்ளி வாசலில் நின்றாள்.

"ஏம்மா டீச்சரம்மா, நாங்க என்ன திருடங்களா? பொண்ணு ராத்திரி சோறே துன்னல."

"அது வெறும் இலக்கணம்மா. புத்தகத்தில அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருந்தா? நீங்க ஏம்மா அதச் சொல்றீங்க?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சிறுமியாக இருந்தபோது நானும் இதே வரியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தவள். என் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் கூலி. அந்தக் கேங்கில் அவரும் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. இப்போது தோன்றியது, ஆத்திரமாக வந்தது. அடுத்த வகுப்பில் அந்த வரியை அடிக்கச் சொல்லி, 'டீம்' என்று எழுதவைத்தேன்.

அடுத்த வாரம் பள்ளியைப் பார்வையிட வந்த கரஸ்பாண்டென்ட், கூலியாட்கள் கூடினால் என்ன என்று கேட்டார். வகுப்பே, "டீம், சார்!" என்றது. அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"புத்தகத்தைத் திருத்த நீங்கள் யார்?"

"கூலிக்காரர் மகள், சார்."

மேசைமேல் என் மாற்றல் விண்ணப்பம் இருந்தது. "டீம் என்றது தவறு என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஜூன் மாதமே ஊருக்குப் போகலாம்" என்றார்.

ஊரில் காத்திருக்கும் என் அம்மாவின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும், "சொல்லமாட்டேன், சார்" என்றேன். விண்ணப்பத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்புகிற நாளுக்கு முந்தின மாலை பெட்டி அடுக்கியபடி, "நாளைக்கு ஊருக்குப் போறேம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

துணி மடித்துத் தந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எந்த ஊருக்குப் பிள்ள? அப்ப இது என்னது?"

அவள் கையிலிருந்த சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.