நடுவில் ஓர் எழுத்து

கோதை அக்கா நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார். உய்யக்கொண்டான் வாய்க்காலில்... மதகுப் படியில் வழுக்கி.

ஆபீஸில் எனக்கு எதிர் சீட். வீடு ஸ்ரீரங்கம். உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அவர் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தெரிந்திருக்கலாம்.

ஜியோகேஷ் என்று ஒரு விளையாட்டு. சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவிட்டு, குறிப்பை ஆப்பில் போட வேண்டும். மற்றவர்கள் தேடி எடுத்து, உள்ளே பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

"பெட்டில பவுன் இருக்குமாக்கா?"

"வார்த்தை இருக்கும். அடகு வைக்க முடியுமான்னு பாரு."

கோடையில் வாய்க்கால் வறண்டு கிடந்தபோது கரை நெடுக வைத்தார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் சொற்கள். நடு எழுத்து மட்டும் இருக்காது.

முதல் பெட்டியில் கு _ கு. தண்ணீர் கிளம்பும் ஊர். குடகு.

"வாய்க்கால் ஒரு பக்கமாத்தான் போகும்ப்பா. வார்த்தையாவது திரும்பி வரட்டுமே."

கடைசிப் பெட்டிக்கு மா _ மா. விடுபட்ட எழுத்து, கரையில் ஏதோ ஒரு கல்லில், சிவப்பு நெயில் பாலிஷில் இருக்கும். பெட்டி அதன் பக்கத்தில்.

சரியான எழுத்து ட. மாடமா. கரைமேல் இருக்கும் கல் மண்டபத்தில், விளக்கு மாடத்துக்குக் கீழே எழுதியிருந்தார். கால் நனையாத இடம்.

ஏமாற்றுவதற்கு இன்னொன்றும் எழுதினார். ய. மதகுச் சுவரில், கடைசிப் படியை ஒட்டி.

"மாயமான்னும் வருதேக்கா. அதுவும் வார்த்தைதானே?"

"தப்பாப் போறவங்களும் கொஞ்சம் நடக்கட்டும். உனக்கும் தொப்பை போடுது, நீ மொதல்ல போ."

எல்லோரும் மாயமா என்றே போனார்கள். மதகுப் பக்கம் ஒன்றும் இல்லையே என்று ஆப்பில் தினமும் புகார். லஞ்சில் போனைக் காட்டுவார்.

"இன்னிக்கு ரெண்டு பேர் மாயமாப் போயிருக்காங்க."

சிரித்தோம்.

பிறகு வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். அன்றிலிருந்து அவர் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

மதகுக்கு இறங்க வேண்டாம் என்று ஆப்பில் எழுதிப் போட்டார். ஆனால் முன்பே டவுன்லோட் செய்து வைத்தவர்களின் போனில் பழைய குறிப்புதான் இருக்கும். லஞ்சில் சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஆப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பினார். வழியில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"ரிமூவர் வாங்கிட்டேன்ப்பா. அந்த ய-வை அழிச்சிட்டு வந்துடறேன். எவனாவது எறங்கி வச்சான்னா..."

பின்னால் பஸ் ஹாரன். அதோடு முடிகிறது.

இன்று காலை போனேன். மேல்படியில் பஞ்சுச் சுருள் கிடந்தது. நனையவே இல்லை.

ய பாதி அழிந்திருக்கிறது. இடது பக்கம் போய்விட்டது. இப்போது பார்க்க ப மாதிரி இருக்கிறது.

மாபமா. அப்படி ஒரு சொல் இல்லை.

தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. சத்தமே இல்லை... அவ்வளவு தண்ணீர், சத்தமே இல்லை.

விடையை இங்கே சொல்லிவிடுகிறேன். மாடமா. பெட்டி மண்டபத்தில் இருக்கிறது. அங்கேயே பெயர் எழுதிவிட்டுத் திரும்பிவிடுங்கள். கீழே யாரும் இறங்காதீர்கள். ஷேர் செய்யுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆப்பில் ஒரு பதிவு வந்தது. தெரியாத பெயர்.

"கடைசிப் பெட்டிக்குக் கிளம்பிட்டோம். விடை மாயமா தானே?"

இல்லை என்று பதில் போட்டேன். அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

பைக் சாவி கையில் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் மதகுக்குப் போய் நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு அப்புறம் வருகிறேன் அக்கா. இப்போ இங்க...

போயிட்டு வரேன்க்கா.