நிலைமை சீராக உள்ளது

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவின் தேநீர்க் கடையில் தே தாரிக் ஆறட்டும் என்று காத்திருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. துவாஸ் தொழிற்பேட்டையில் விபத்து. ஆங்கிலச் செய்தியை இயந்திரமே தமிழாக்கியிருந்தது. அடிபட்ட ஊழியரைப் பற்றிய கடைசி வரி: 'அவர் நிலையானவர்.' வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு மடக்குக்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. புஷ்பலதாவின் நினைவு வந்துவிட்டது.

நான் தமிழ்ச் செய்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புஷ்பலதா எனக்கு எதிர் மேசை. வடக்கே மார்சிலிங்கிலிருந்து வருவாள். குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டிருப்பாள். இன்றும் எங்கே தைல வாசனை அடித்தாலும் எனக்கு அந்த அறைதான்.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது எங்கள் வேலை. ஆளைக் கவிழ்க்க 'ஸ்டேபிள்' என்ற ஒரு சொல் போதும். அரிசி விலை ஸ்டேபிள் என்றால் ஏறவில்லை, நிம்மதி. அரசாங்கம் ஸ்டேபிள் என்றால் கவிழாது. குதிரைப் பந்தயச் செய்தியில் அதுவே லாயம். சேர்ந்த புதிதில் அங்கே 'ஸ்திரமான குதிரைகள்' என்று எழுதி அறையையே சிரிக்க வைத்தவன் நான். மருத்துவமனைச் செய்திக்கு மட்டும் தயாராக ஒரு வரி வைத்திருந்தோம்: 'நிலைமை சீராக உள்ளது.' யாரும் அதை யோசித்து எழுதியதில்லை.

துவாஸ் கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து சேகர் என்ற ஊழியர் விழுந்த செய்தியை புஷ்பா அந்த வரியோடுதான் முடித்திருந்தாள். மறுநாள் மதியம் தொலைபேசி அடித்தது. எடுத்தவன் நான். பேசியவர் முருகேசன், ஊழியர் விடுதியில் சேகரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். ஊருக்குப் போன் போட்டு, பேப்பரில் வந்ததை சேகரின் மனைவிக்கு அவரே படித்துக் காட்டியிருக்கிறார்.

"சீரா இருக்குன்னு கேட்டதும் பொங்கல் வைக்கணும்னு சாமான் வாங்கக் கிளம்பிருச்சு சார் அந்தப் பொண்ணு. ஆஸ்பத்திரில எங்கள யாரும் உள்ள விடல. நம்பலாமா சார்?"

நான் ரிசீவரை புஷ்பாவிடம் நீட்டினேன். அவள் விவரம் கேட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு அழைத்தாள். அங்கிருந்தும் 'ஸ்டேபிள்' என்ற அதே ஒற்றைச் சொல்தான் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

வார்டு வாசலில் ஒரு தமிழ்த் தாதி தணிந்த குரலில் விளக்கினார். மூச்சும் நாடியும் நேற்று இருந்தபடியே இருக்கின்றன, தலையில் அடி, கண் திறக்கவில்லை, திறப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. முருகேசன் வேலைக் காலணியோடு நின்றிருந்தார். ஊருக்கு எண்ணை அழுத்தினார். போனை புஷ்பாவிடம் கொடுத்துவிட்டார்.

"அம்மா, மோசமாகல. ஆனா நல்லாவும் ஆகல. நேத்து இருந்த மாதிரியே இருக்காரு. அந்த வார்த்தைக்கு அவ்ளோதான் அர்த்தம்."

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"அப்ப எதுக்குக்கா சீரா இருக்குன்னு எழுதுனீங்க?"

புஷ்பா போனை முருகேசனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சேகர் பல வாரம் அப்படியே கிடந்தார். பிறகு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி விமானத்தில் ஊர் போனார். கண் திறந்துவிட்டதாம், மனைவியை மட்டும் அடையாளம் தெரியவில்லையாம். முருகேசன் சொல்லித்தான் தெரியும். பேப்பரில் அது வரவில்லை.

அதற்குப் பிறகு புஷ்பா 'நிலைமை மேலும் மோசமாகவில்லை, ஆனால் தேறவும் இல்லை' என்று எழுத ஆரம்பித்தாள். ஆசிரியர் வெட்டுவார்.

"இடம் இல்ல புஷ்பா. எல்லாருக்கும் புரியும் லா."

"புரியல சார்" என்பாள். மறுபடி எழுதுவாள். கடைசியில் அவர்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டார். துவாஸ் விடுதிகளில் எங்கள் எண் கைமாறிப் பரவியது. விபத்துச் செய்தி வந்தால் யாராவது அழைப்பார்கள்: "அக்கா, இது எந்தச் சீரு?" அவள் மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்டுச் சொல்லாமல் விட்டதில்லை.

புஷ்பா வேலையை விட்டுப் பல வருடமாகிறது. அந்த எண்ணும் இப்போது இல்லை. செய்திக்கும் ஊரில் இருக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு முருகேசன் நின்ற காலம் ஒன்று இருந்தது. படித்துக் காட்டிய பிறகாவது, நம்பலாமா என்று அவர் யாரையாவது கேட்க முடிந்தது. இப்போது இங்கே செய்தி விழும் அதே நொடியில் அங்கே அவள் கையிலும் விழுகிறது. அடுப்படியில் நின்றபடி அவளே படித்துவிடுகிறாள்.